கதவோரக் கட்டில்

பணி ஓய்வு பெற்ற பிறகும் என்னை அவ்வப்போது கூப்பிட்டுப் புதிதாகச் சேர்ந்த செவிலியர்களிடம் பேசச் சொல்கிறார்கள். நானும் தட்டாமல் போகிறேன். வீட்டில் என் பேச்சைக் கேட்க ஆள் இல்லை என்பது ஒரு காரணம். பேசி முடித்ததும் சூடாக டீயும் சமோசாவும் கொடுப்பார்கள் என்பது இன்னொரு காரணம். போன தடவை உங்களில் ஒரு பெண் எழுந்து நின்று, "நெஞ்ச அழுத்த வேண்டாம்னு டாக்டர் எழுதிட்டாருன்னா, அப்புறம் அந்தப் பேஷண்டுகிட்ட நமக்கு இன்னா வேலை சிஸ்டர்?" என்று கேட்டாள்.

பக்கத்தில் இருந்தவர்கள் களுக்கென்று சிரித்தார்கள். அவள் வெட்கப்பட்டு உட்கார்ந்துவிட்டாள். பெண்ணே, நீ வெட்கப்பட்டிருக்க வேண்டாம். எத்தனையோ வருடங்கள் வேலை செய்தவர்களே வாய்விட்டுக் கேட்காத கேள்வி அது. அன்று எனக்குத்தான் பதில் சரியாக வரவில்லை. ஏதோ பொதுவாகச் சொல்லிச் சமாளித்துவிட்டு பஸ் ஏறினேன். தியாகதுருகம் தாண்டும்வரை அந்தக் கேள்வி மனசை அரித்துக்கொண்டே வந்தது. அதனால்தான் உங்கள் எல்லோருக்கும் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கள்ளக்குறிச்சியில் நான் வேலை பார்த்த மருத்துவமனையில் எனக்கு சி.ஐ.டி. சிஸ்டர் என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. எதைப் பார்த்தாலும் ஏன், எதற்கு என்று தோண்டிக்கொண்டே இருப்பேன். ஒருத்தர் ஏன் ஒரு பக்கமாகவே படுக்கிறார், இன்னொருத்தர் ஏன் இட்லியை மட்டும் ஒதுக்குகிறார் என்று கேட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும். சக செவிலியர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். போகட்டும். இந்தக் கதையில் அந்தக் கெட்ட பழக்கம்தான் எனக்குக் கைகொடுத்தது.

எங்கள் வார்டில் ஒரு வழக்கம் இருந்தது. எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லாத வழக்கம். யார் ஆரம்பித்து வைத்தார்கள் என்றும் தெரியாது. இதயம் நின்றால் நெஞ்சை அழுத்துவதில்லை, தொண்டையில் குழாய் போட்டுச் செயற்கை மூச்சு கொடுப்பதில்லை என்று முடிவான நோயாளியைக் கதவை ஒட்டிய கட்டிலுக்கு மாற்றிவிடுவோம். காரணம் நல்ல காரணம்தான். நடு வார்டில் ஒருவர் இறந்துபோனால், மற்ற எல்லோரையும் தாண்டி ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போகவேண்டும். அன்றைக்குப் பாதிப் பேர் சாப்பாட்டைத் தொடமாட்டார்கள். கதவோரம் என்றால் கலவரம் இல்லாமல் வெளியே கொண்டுபோய்விடலாம். உறவுக்காரர்கள் வந்து நிற்கவும் வராந்தா இருக்கிறது. எங்கள் தலைமைச் செவிலியர் இதில் கறார். எனக்குச் சில மாதம் முன்னால் வேலைக்குச் சேர்ந்து, எனக்கு ஊசி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர். அவரை எதிர்த்து நான் அதிகம் பேசியதில்லை.

ஆனால் நாங்கள் எல்லோரும் ஒன்றை மறந்துவிட்டோம். வார்டில் படுத்திருப்பவர்களுக்கு நாள் முழுக்க வேறு என்ன வேலை? நம்மைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நாம் யாரிடம் சிரிக்கிறோம், யாரைத் தாண்டிப் போகிறோம் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய கரும்பு வெட்டுக் காலத்தில், மூங்கில்துறைப்பட்டுப் பக்கத்திலிருந்து கோவிந்தன் என்று ஒரு விவசாயி வந்து சேர்ந்தார். எழுபது தாண்டிய மனிதர். இதயம் பலம் இழந்து, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். மல்லாந்து படுக்க முடியாது. மூச்சுக்காகத் தலையணையை மடியில் வைத்துக் குனிந்து உட்கார்ந்திருப்பார். சிறுநீர் நன்றாகப் பிரிவதற்கு ஒரு ஊசி போடுவோம். போட்டுக் கொஞ்ச நேரத்தில் நீர் இறங்கும், மூச்சு லேசாகும், மனிதர் பேச ஆரம்பிப்பார். முதலில் சிறுநீர்க் குழாய் போட்டிருந்தோம். அதனால் எரிச்சலும் காய்ச்சலும் வந்து எடுத்துவிட்டோம்.

கூட இருந்து பார்த்துக்கொண்டவள் அவர் மகள் செல்வி. கல்யாணமாகிப் பக்கத்து ஊரில் இருப்பவள். மகன் குமார் சென்னையில் வேலை. லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். டாக்டர் இருவரையும் உட்காரவைத்து விவரமாகப் பேசினார். இதயம் இனி தேறாது, அது நிற்கும்போது நெஞ்சை அழுத்தினால் விலா எலும்புதான் முறியும், செயற்கை மூச்சுக் கருவியில் போட்டால் திரும்ப எடுக்க முடியாமல் போகும் என்றெல்லாம் சொன்னார். குமார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவரை இம்ச பண்ணாதீங்க சார். ஆனா அப்பாவுக்கு இது தெரியக்கூடாது" என்றான். செல்வி தலையை ஆட்டினாள். கேஸ் ஷீட்டில் டி.என்.ஆர். என்று அந்த முடிவை எழுதினார்கள். அன்றே கோவிந்தன் கதவோரக் கட்டிலுக்கு வந்தார்.

மறுநாள் காலை நான் டியூட்டிக்குப் போனபோது, அவர் ஊசி வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகச் சொன்னார்கள். கையை இறுக்கிப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாராம். கஞ்சியும் வேண்டாம், குடிக்கக் கொடுக்கிற அளவுத் தண்ணீரும் வேண்டாம். மூச்சு இரைக்கிறது, உதடு கறுத்துவிட்டது, ஆனாலும் பிடிவாதம். செல்வி சுவரோரம் நின்று அழுதுகொண்டிருந்தாள். "மனசு வுட்டுட்டாரு சிஸ்டர். போறதுக்கு ரெடியாயிட்டாரு" என்றாள்.

டாக்டரிடம் போனேன். சின்ன வயசுக்காரர், நல்ல மனிதர்தான், அன்று தலைக்கு மேல் வேலை. "வேண்டாம்னா வுட்டுடுங்க சிஸ்டர், டி.என்.ஆர். கேஸ்தானே" என்றார்.

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "சார், நெஞ்ச அழுத்த வேண்டாம்னு எழுதுனீங்க. மூச்சு முட்டிக்கினு கெடக்கட்டும்னு எழுதலியே" என்றேன். அவர் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். "சாரி சிஸ்டர். கட்டாயப்படுத்தியும் போட முடியாதே. ஏன் வேண்டாங்கறார்னு கேட்டுப் பாருங்களேன்" என்றார். எனக்கு வேண்டியதும் அதுதான். ஏன் என்று கேட்கச் சொன்னால் சும்மாவா இருப்பேன்?

ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிள்ளைகளே, நின்றுகொண்டு கேட்டால் நோயாளி அவசரத்துக்கு ஒரு பதில் சொல்வார். உட்கார்ந்து கேட்டால்தான் விஷயம் வெளியே வரும்.

"ஊசி வலிக்குதாங்க ஐயா?"

"இல்ல."

"எங்க மேல கோவமா?"

"கோவம் இன்னா... ஒண்ணுமில்ல."

முகத்தைக் கதவுப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் எழுந்து போகவில்லை. திறந்த கதவு வழியே ரோடு தெரியும். கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று பாட்டைச் சத்தமாக அலறவிட்டுக்கொண்டு போனது. அவர் கண் அதன் பின்னாலேயே போனது.

"முத்தவே இல்ல. அவசரப்பட்டு வெட்டிக்கினு போறான்" என்றார்.

"இங்கருந்து பாத்தே சொல்றீங்களா?"

"சோகைய பாரு, எலையெல்லாம் எப்படி பச்சையா இருக்குது."

எனக்கு எல்லாக் கரும்பும் ஒன்றுபோலத்தான் தெரிந்தது. அப்படியே சொன்னேன். அவர் லேசாக உதட்டைச் சுழித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சிஸ்டரு, ஒண்ணு கேக்கறேன். பொய் சொல்லக்கூடாது. என்னை இன்னாத்துக்கு இங்க கொண்டாந்து போட்டீங்க?" என்றார்.

காற்று நன்றாக வரும், ரோடு தெரியும், எங்கள் மேஜை பக்கம் என்று பொய்கள் வரிசையாக வந்து நாக்கில் நின்றன. தெரியக்கூடாது என்று மகன் சொன்னதும் ஞாபகம் வந்தது. இந்த இடத்தில் அவசரப்பட்டு எதையும் சொல்லாதீர்கள். பொய்யும் வேண்டாம், உண்மையைப் போட்டு உடைக்கவும் வேண்டாம். அவருக்கு என்ன தெரியும் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். "நீங்க இன்னா நெனைக்கிறீங்க ஐயா?" என்று கேட்டேன்.

"நான் நெனைக்கிறதுக்கு இன்னா இருக்குது. இது போறவங்க கட்டிலு. வார்டுக்கே தெரியும்."

"பயமா இருக்குதுங்களா?"

"சாவறதுக்கா?" என்று கேட்டுவிட்டு மூச்சு வாங்கினார். "அதில்ல." மகள் நிற்கும் பக்கம் பார்த்தார். "அவளை டீ குடிக்க அனுப்பு."

செல்வியை அனுப்பினேன். அவள் வராந்தாவைத் தாண்டும்வரை காத்திருந்துவிட்டு, விட்டுவிட்டுச் சொன்னார்.

"எனக்கு முன்னாடி இதுல ஒருத்தரு இருந்தாரே, கல்வராயன் மலைக்காரரு. அவரை உசுரோட வூட்டுக்கு எடுத்துக்கினு போவணும்னு அவங்க ஆளுங்க வண்டி பாக்கப் போயிட்டாங்க. ஒண்ணுக்கு வருது, ஒண்ணுக்கு வருதுன்னு கூப்ட்டுக்கினே இருந்தாரு. பாவம், சத்தமே வரல. நானும் இன்னொருத்தரும் குரல் குடுத்தோம். வரோம் வரோம்னீங்க, யாரும் வரல. ஈரத்திலியே போயிட்டாரு. போன பிறகு வந்து எல்லாத்தையும் சுத்தமா மாத்துனீங்க."

நான் ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டேன்.

"அந்த ஊசி போட்டா எனக்கு அடக்க முடியல சிஸ்டரு. இந்தக் கட்டில்ல கெடக்கறவன் கூப்ட்டா நீங்க வரமாட்டீங்க. பெத்த பொண்ணு முன்னாடி நனைஞ்சுக்கினு கெடக்கச் சொல்றியா? அதுக்கு மூச்சு முட்டிப் போவட்டும்."

இத்தனை வருட வேலையில் எவ்வளவோ கேட்டிருக்கிறேன். இதை நான் எதிர்பார்க்கவில்லை. விரக்தி என்றோம், சாவுபயம் என்றோம், மூளைக்குக் காற்றுப் போகாமல் குழம்பிவிட்டார் என்று ஒருத்தி நோட்ஸே எழுதியிருந்தாள். அந்த மனிதர் பயந்ததோ ஈரத் துணிக்கு. நான் யோசித்துப் பார்த்தேன். நெஞ்சை அழுத்த வேண்டாம் என்றுதான் முடிவெடுத்தோம். அந்த முடிவு எங்களுக்கே தெரியாமல் எங்கள் காலில் இறங்கி, அந்தக் கட்டிலை நோக்கி நடக்கிற நடையைக் கம்மியாக்கியிருந்தது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அதை யார் மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

"ஐயா, நீங்க கூப்ட்டா வருவோம். நான் இல்லாதப்ப இன்னொருத்தி வருவா. வரலன்னா மறுநாள் எங்கிட்ட சொல்லுங்க, அவளை நான் கவனிச்சுக்கறேன்" என்றேன்.

"குரலே வரலியே, எப்படிக் கூப்புடறது?"

டியூட்டி அறையிலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளரும் ஸ்பூனும் எடுத்துவந்து அவர் கையெட்டும் இடத்தில் வைத்தேன். அவர் அதைச் சந்தேகத்தோடு பார்த்துவிட்டு ஒரு தட்டுத் தட்டினார். நான் எழுந்து நின்று, "இன்னா வேணும் ஐயா?" என்றேன். சிரித்துவிட்டார். வந்த நாளிலிருந்து அந்த மனிதர் சிரித்து அப்போதுதான் பார்க்கிறேன். போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து நீட்டினார். ஊசியைப் போட்டேன்.

டம்ளர் சத்தம் கேட்டதும் யூரின் கேனோடு ஓடினேன். திரையை இழுத்துவிட்டேன். கொஞ்சம் சிந்தியதும் துணியை மாற்றினேன். அடுத்த தடவை வேறொருத்தி ஓடினாள். மூச்சு மெல்ல லேசானது. மதியம் கஞ்சி உள்ளே போனது. நாங்கள் வருகிறோமா என்று பார்ப்பதற்காகவே அன்று அவர் நாலைந்து தடவை சும்மா தட்டினார் என்று எனக்குச் சந்தேகம். எதிர்க்கட்டில்காரர், "கோயில் மணி கெட்டுது போ" என்று கிண்டல் செய்தார். தட்டட்டும். வந்தோம்.

பிறகு தலைமைச் செவிலியரிடம் போய், அவரை நடு வார்டுக்கே மாற்றிவிடலாம் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். கழற்றினால் கோபம் என்று அர்த்தம். "அங்க அவருக்கு எதுனா ஆச்சுன்னா மத்தவங்க கதி? ரூல் எல்லாத்தையும் உன் இஷ்டத்துக்கு மாத்துவியா?" என்றார். நான் மலைக்காரர் விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். அன்று யார் டியூட்டி என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. எழுந்து நேராகக் கோவிந்தனிடம் போனார்.

"பெரியவரே, பழைய எடத்துக்கே போறீங்களா? நீங்க சொல்ற எடத்துல போடறோம்" என்றார்.

கோவிந்தன் கதவைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார். "இங்கியே இருக்கட்டும்மா. காத்து வருது. வண்டி போறதெல்லாம் தெரியுது. கூப்ட்டா வராங்க, அப்புறம் எங்க கெடந்தா இன்னா" என்றார்.

எனக்குச் சப்பென்று போய்விட்டது. இவருக்காகத் தலைமைச் செவிலியரிடமே மல்லுக்கு நின்றிருக்கிறேன், இவர் என்னடா என்றால் அதே கட்டில் போதும் என்கிறார்! நான் கட்டிலைக் குற்றவாளி என்று நினைத்திருந்தேன். அவர் கணக்கில் கட்டிலின் மேல் தப்பே இல்லை.

மிச்சம் இருந்தது மகன். அன்று சாயங்காலம் குமாரிடம், "உங்கப்பாவுக்கு எல்லாம் தெரியும்பா. நாங்க யாரும் சொல்லல, கட்டிலே சொல்லிடுச்சு. நீ ஒரு வார்த்தை பேசு" என்றேன். அவன் வெலவெலத்துப் போனான். டாக்டரும் வந்து நின்றார். குமார் அப்பாவின் காலடியில் உட்கார்ந்து பேச வாயெடுத்தான், வரவில்லை. நான்தான் கேட்டேன். "ஐயா, மூச்சு நின்னு போச்சுன்னா நெஞ்ச அழுத்தி, குழாய் போட்டு, மெஷின்ல வெச்சுப் பாக்கலாம். உங்களுக்கு அதனால குணம் வராதுன்னு டாக்டர் சொல்றாரு. உங்க விருப்பம் இன்னாங்க?"

அவர் அதிக நேரம் யோசிக்கவில்லை. "மாடு விழுந்துட்டா கூட பக்கத்துல இருந்து தண்ணி காட்டுவோம். நெஞ்சு மேல ஏறியா உக்காருவோம்? வேணாம்" என்றார். பிறகு மகனைப் பார்த்தார். "நீ சொன்னது சரிதான்டா. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லியிருக்கலாம்."

குமார் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். பெரியவர் அவன் தலையில் கையை வைத்து, "சாப்ட்டியாடா?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகும் சில நாட்கள் இருந்தார். செல்வி பக்கத்தில் உட்கார்ந்து போகிற வண்டிகளைப் பற்றிக் கேட்பாள், அவர் இது முத்தின கரும்பு, இது முத்தாதது என்று தீர்ப்புச் சொல்வார். நானும் கற்றுக்கொள்ள முயற்சி செய்தேன். கடைசிவரை தப்பாகத்தான் சொன்னேன்.

ஒரு நாள் மதியம், வார்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம், டம்ளர் சத்தம் கேட்டது. மெதுவாகத்தான் கேட்டது. போனேன். முகம் வெளிறி, நெற்றி ஈரமாக இருந்தது. திரையை இழுத்தேன். கேனைப் பிடித்தேன். துணி கொஞ்சம் நனைந்திருந்ததால் மாற்றி, உடம்பைத் துடைத்து, ஒருக்களித்து வசதியாகச் சாய்த்தேன். "காஞ்சிருக்குதா?" என்று கேட்டார். "காஞ்சிருக்குதுங்க ஐயா" என்றேன். மகனையும் மகளையும் உள்ளே கூப்பிட்டேன். செல்வி கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் மூச்சு இடைவெளி விட்டு விட்டு வந்தது. பிறகு வரவில்லை.

என் இரண்டு கைகளும் தாமாகவே அவர் நெஞ்சுக்குப் போயின. இத்தனை வருடப் பழக்கம். பாதியில் நிறுத்தினேன். அது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குச் சொல்லித் தெரியாது, ஒரு நாள் நீங்களே நிறுத்திப் பார்ப்பீர்கள். அதற்குள் குமார் கத்த ஆரம்பித்துவிட்டான். "சிஸ்டர், இன்னா பாத்துக்கினு நிக்கிறீங்க! அழுத்துங்க! எதுனா பண்ணுங்க!" வார்டே சாப்பாட்டை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தது.

அந்த நேரத்தில் அவன் மேல் கோபப்படாதீர்கள். முடிவெடுத்த பிள்ளைதான் கடைசியில் அதிகமாகக் கத்தும். நான் அவன் தோளைப் பிடித்தேன். "குமாரு, அப்பா உங்கிட்ட இன்னா சொன்னாரு?" என்று கேட்டேன். அவன் என்னைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். "பக்கத்துல இருக்கச் சொன்னாரு" என்றான். "அப்ப இரு" என்றேன். ஸ்டூலை நகர்த்திக் கொடுத்தேன். உட்கார்ந்து அந்தத் தலையைத் தடவிக்கொண்டே இருந்தான். டாக்டர் வந்து பார்த்து, உறுதி செய்துவிட்டு, அவன் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார்.

பிறகு அவரைத் தயார்செய்யத் திரைக்குள் போனோம். செல்வி, தானும் கூட இருப்பதாகச் சொன்னாள். போர்வையை விலக்குவதற்கு முன் அவள் தன் கையை அவருக்குக் கீழே மெல்ல விட்டாள். விரிப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தொட்டுப் பார்த்தாள். நான் அவளிடம் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை. பெரியவரே சொல்லியிருப்பார் போலிருக்கிறது, இல்லை மகளுக்குத் தெரியாமலா இருக்கும்.

"காஞ்சிருக்குது சிஸ்டர்" என்றாள். அப்புறம்தான் ஓவென்று அழுதாள்.

பெண்ணே, அப்புறம் நமக்கு என்ன வேலை என்று கேட்டாயே. இதைப் படித்துக்கொண்டிருக்கிற நேரத்தில் உன் வார்டிலும் கதவோரமாக யாராவது கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள், குரல் வராமலும் இருக்கலாம். எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வா.